தண்ணீர் கேட்கும் வீடுகள்

தாராவி, மும்பை
22.6.2025

அன்புள்ள ராணிக்கு,

கணேசபாண்டியன் எழுதுவது. போனில் கூப்பிட்டால், "நோயாளி வீட்டுலேருந்து கூப்பிடுவாவ அத்தான், வைங்க" என்று ஒரே நிமிடத்தில் வைத்துவிடுகிறாய். சொந்த அத்தை மகளிடம் நாலு வார்த்தை கேலி பேசக்கூட வழியில்லை. அதனால்தான் பட்டறையில் மிஷின்களை நிறுத்திவிட்டு, பேனாவைத் தேடி எடுத்து எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார்.

நல்ல சேதி. ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, நம் பூவரசங்குளம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழா. வழக்கமாகக் கோயில் கொடைக்கு அதிகம் கொடுத்தவருக்குத்தான் மேடையில் சால்வை. இந்த முறை சங்கக் கூட்டத்தில் செயலாளர் என்ற முறையில் நான் எழுந்து, "நம்ம அப்பா அம்மா எல்லாம் அங்க படுத்துக் கெடக்காவ. நாம இங்க இருக்கோம். அவியள யாரு பொரட்டிப் படுக்க வைக்கா?" என்று கேட்டேன்.

பிறகு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். நான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். நான் வந்தது கடைசி நாள். குளிப்பாட்டும்போது திருப்பிப் பார்த்தேன், ராணி. அவள் முதுகில் ஒரு புண் இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் நீயும் உன் ஆட்களும் வந்து பார்த்த முதுகு அது. மகன் செய்ய வேண்டியதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் உங்கள் குழுவுக்கு விருது கொடுப்பதென்று எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள்.

ஆகவே குழுவில் உள்ளவர்கள் பெயர், யார் என்ன வேலை செய்கிறார்கள், எல்லாம் எழுதி அனுப்பு. முக்கியமாகப் போட்டோ வேண்டும். நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மாதிரி. பத்தடி பேனர் போடப் போகிறேன். என் பட்டறையில் உங்களுக்குப் பன்னிரண்டு பைகளும் தைக்கிறேன். குழுவின் பெயரைச் சிவப்பில், தெருமுனையிலிருந்தே தெரிகிற அளவுக்கு அச்சடித்துத் தருகிறேன்.

உன் அத்தான்,
கணேசபாண்டியன்


பூவரசங்குளம்
2.7.2025

அத்தானுக்கு,

ராணி எழுதுவது. உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு மூன்று வீடு ஆயிற்று. நம் நர்ஸ் கீதா ஒவ்வொரு வீட்டிலும் கை கழுவுகிற நேரத்தில் ஒரு பக்கம் வாசித்தேன். உங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் வீட்டுக்கு வந்து வாசித்தேன். அத்தை நல்ல மனுஷி. கடைசி வாரம்கூட என் தலையில் பூ இல்லை என்று திட்டினாள்.

விருது சரி. கொடுக்கிறவர்கள் மனதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் மேடையேற யாரும் வர முடியாது. பதினொரு ஊரில் அறுபத்து மூன்று பேர் படுத்திருக்கிறார்கள். நாங்கள் ரயிலேறினால் அவர்களை யார் பார்ப்பது?

போட்டோ கிடையாது. இதில் கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன். நாங்கள் ஸ்கூட்டியை நோயாளி வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்துதான் போவோம். மருந்தும் பஞ்சும் ஜவுளிக்கடைப் பையில்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சொந்தக்காரி ஒருத்தி சேலை வாங்கிவிட்டு வருகிறாள் என்றுதான் தோன்ற வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு இருக்கும். மகனிடம் சொல்லாத அப்பா இருப்பார். யார் வீட்டில் என்ன நோவு என்பது எங்களோடு நிற்க வேண்டும். நீங்கள் சிவப்பில் பெயர் போட்டுப் பை தருகிறீர்களாம். வெறும் பை தையுங்கள், போதும். எழுத்தே வேண்டாம்.

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். கீதா நர்ஸ், அவள் ஒருத்திக்குத்தான் சம்பளம். முப்பிடாதியம்மாள் காலையில் பீடி சுற்றிவிட்டு மதியம் எங்களோடு வருவாள். நகம் வெட்டுவது, சவரம் செய்வது அவள் பொறுப்பு. "இலை வெட்டுத கைதானம்மா, நகம் வெட்ட மாட்டனா?" என்பாள். இசக்கிதுரை செவ்வாய்க்கிழமை தன் ஆட்டோவுக்கு வேறு சவாரி எடுக்க மாட்டான். அன்று முழுவதும் பெரியாஸ்பத்திரிக்கு நம் ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவருவான். என்னையும் சேர்த்து இன்னும் ஒன்பது பேர், பெயர்கள் தனித் தாளில் இருக்கின்றன. ஒருவரும் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டிலும் டீ, சாப்பாடு கிடையாது. தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்போம். புது வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர்தான் கேட்போம். 'உங்களுக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்' என்று சொன்னால் எந்த மனிதருக்கும் முகம் சுருங்கும். தண்ணீர் கேட்டால் அவர்கள் கொடுக்கிறவர்கள், நாங்கள் வாங்குகிறவர்கள். அதற்குப் பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை. கீதா எந்தத் தெருக்காரி என்று விசாரித்து அவளுக்குத் தனி டம்ளர் வைத்த வீடும் ஒன்று உண்டு. அவள் வாங்கிக் குடித்துவிட்டு அந்த வீட்டுப் பெரியவரின் புண்ணைத் துடைத்தாள். மூன்றாம் மாதம் அவரே, "எல்லாரும் குடிக்கிற செம்புல குடு" என்று மருமகளை அதட்டினார். இதையெல்லாம் பேனரில் எப்படிப் போடுவீர்கள்?

கழுவிக் கழுவி மெத்தென்று ஆன பழைய வேட்டி இருந்தால் சேர்த்து அனுப்புங்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய விருது.

ராணி


தாராவி
18.8.2025

அன்புள்ள ராணிக்கு,

நேற்று விழா. நீ பார்க்கவில்லையே என்ற குறை தவிர வேறு குறை இல்லை. வெளியே நல்ல மழை. உள்ளே நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கிங்ஸ் சர்க்கிளில் சொல்லிவைத்து மாலை கட்டி வாங்கினோம். பன்னிரண்டு பேர் பெயரையும் நானே வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். முப்பிடாதியம்மாள் பெயருக்குக் கீழ்த்தெருப் பையன்கள் விசில் அடித்தார்கள். அவளிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போட்டோ வேண்டாம் என்றாய். ஆனால் பெயரை மட்டும் வாசித்தால் சனங்களுக்கு என்ன புரியும்? இசக்கிதுரையிடம் கேட்டேன், ஒன்று அனுப்பினான். அவன்மேல் கோபப்படாதே, நான்தான் நச்சரித்தேன். நீ தரையில் உட்கார்ந்து ஒருவர் காலைக் கழுவுகிறாய், கீதா பஞ்சோடு குனிந்திருக்கிறாள். நோயாளியின் முகம் தெரியவில்லை, தலை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் பத்தடிக்குப் போட்டேன். திரையை விலக்கியதும் சபையே எழுந்து நின்றது, ராணி. சங்கத்தில் நாற்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

சிறப்பு விருந்தினர் மாட்டுங்கா ஜம்பு சார், பாங்கில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் என் காதோடு, "படத்துல காலைக் காட்டிண்டு இருக்காரே, அவரண்ட ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றார். முகமே தெரியவில்லையே சார் என்று சொல்லிவிட்டேன். அவர் சும்மா தலையை ஆட்டினார்.

சான்பாடாவிலிருந்து வந்திருந்த ராஜபாண்டி மட்டும் பாதியில் எழுந்து போய்விட்டான். நம் பலவேசம் மாமா மகன்தான். பெண்டாட்டி ரஞ்சனா பின்னாலேயே ஓடினாள். சாப்பிடக்கூட இல்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ. போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

ஷீல்டும் சால்வைகளும் ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஷீல்டை எங்கே வைப்பீர்கள் என்று எழுது.

கணேசபாண்டியன்


பூவரசங்குளம்
23.8.2025

அத்தானுக்கு,

என் போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டேன். கத்த வேண்டும் போலிருந்தது, அதனால்தான். கடிதத்தில் கத்த முடியாது.

முகம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புலிப்படம் போட்ட நீலக் கம்பளி தெரிந்ததா? மகன் உல்லாஸ்நகர்ச் சந்தையில் வாங்கி அப்பாவுக்கு அனுப்பிய கம்பளி. பின்னால் பச்சைக் கதவு தெரிந்ததா? நம் ஊரில் பச்சைக் கதவு ஒரே ஒரு வீட்டுக்குத்தான். அது பலவேசம் மாமாவின் கால். ராஜபாண்டிக்கு முன்னால், நானூறு பேருக்கு முன்னால், பத்தடி உயரத்துக்கு.

அவன் அம்மா நோயில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தான். திரும்பிப் போய் ஒரு வருஷம் வேலையில்லாமல் அலைந்தான். அதைப் பார்த்த மாமா இந்த முறை மகனிடம் வாயைத் திறக்கவில்லை. சர்க்கரைப் புண் ஒன்றரை வருஷமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மகன் போன் பண்ணினால், "இப்பதாம்ல வயக்காட்டுலேருந்து நடந்து வாரேன்" என்பார். நான் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் காத்த ரகசியம்.

உங்கள் விழாவில் அவன் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "அப்பன இப்படிப் போட்டுட்டு இங்க வந்து கை தட்டுதியே." அன்று மாலையே அப்பாவைக் கூப்பிட்டு, "என்னைய ஊருக்கு முன்னால நாறடிச்சிட்டியளே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நாங்கள் கூப்பிட்டால் துண்டிக்கிறான்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பச்சைக் கதவு சாத்தியிருக்கிறது. "எம் பிள்ள தலை குனிஞ்சிட்டான்லா. போங்கம்மா, இனிமே யாரும் வராதிய" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வருகிறது. தண்ணீர் கேட்டோம். தரவில்லை. இன்றோடு ஆறு நாள். கீதா ஜன்னல் வழியாகப் பஞ்சும் மருந்தும் கொடுத்து எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள். செய்கிறாரா இல்லையா, தெரியாது. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்கிறாள். முப்பிடாதியம்மாள் பீடித்தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் இருமுகிறாரா என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறாள். இசக்கிதுரை யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இது உங்கள் கை வேலை. சான்பாடாவுக்குப் போங்கள். மகன் வந்து சொன்னால்தான் அந்தக் கதவு திறக்கும். அதுவரை எனக்கு எழுத வேண்டாம். ஊருக்கு வந்தாலும் என் வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டாம்.

ஷீல்டு கோணிப்பையில் கிடக்கிறது.

விஜயராணி


தாராவி
31.8.2025

ராணிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். சேதி இருப்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. முதலில் பேனரைத்தான் எடுத்தேன். சங்க அறையில் பெருமையாக மாட்டி வைத்திருந்தேன். கழற்றிக் கத்தரியை எடுத்தேன். முப்பது வருஷமாக ரெக்ஸினும் கான்வாஸும் வெட்டிய கத்தரி அது. உன் முகத்தையும் கீதா முகத்தையும் வெட்ட மனம் வரவில்லை, மடித்து வைத்திருக்கிறேன். மாமாவின் காலைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன்.

மறுநாள் சான்பாடா போனேன். விநாயகர் சதுர்த்தி, வீட்டுக்கு வீடு கணபதி வைக்கிற நாள். அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, ஆட்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். ராஜபாண்டி கதவு மட்டும் சாத்தியிருந்தது. சங்கத்து வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் செயலாளர் பேட்ஜ், கையில் மோதகப் பெட்டி. பெல் அடித்து, "தம்பி, சங்கத்து சார்பா வந்திருக்கேன்" என்றேன். "அண்ணாச்சி, போயிருங்க. இன்னும் லஃபடா, வம்பு ஒண்ணும் வேண்டாம்" என்றான், கதவைத் திறக்காமலே. வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். 'உன் அப்பா கால் போய்விடும்' என்று கதவுக்கு வெளியே நின்று கத்தினேன். அதற்கும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆள் வந்து இந்தியில் என்னைப் போகச் சொன்னான்.

குர்லாவில் ரயில் மாறும்போதுதான் யோசித்தேன். இரண்டு தடவை சாத்திய கதவுக்கே எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறது. நீங்கள் எத்தனை கதவு பார்த்திருப்பீர்கள்! அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீ எழுதியதில்லை. அன்று இரவு உன் ஜூலை மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன்.

நேற்று பட்டறையில் போடுகிற பழைய சட்டையோடு போனேன். கையில் ஒன்றும் இல்லை. மழையில் நனைந்து மூன்று மாடி ஏறியதில் உண்மையாகவே நாக்கு வறண்டுவிட்டது. கதவைத் தட்டி, "யம்மா ரஞ்சனா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்றே குடித்தேன். "உள்ள வந்து உக்காந்து குடிங்க அண்ணாச்சி" என்றாள்.

ராஜபாண்டி உள்ளே நின்றான். "சபையில அந்தப் படத்தப் போட்டது என் தப்பு. நாளைக்கு அதே சபையில சொல்லுதேன்" என்றேன். அவன் கோபம் அதில் இல்லை, ராணி. "ஊருக்கே காட்டுன கால எனக்குக் காட்டலியே அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்கிட்ட நடந்தேன் நடந்தேன்னு சொன்னாவளே" என்று சொல்லி அழுதுவிட்டான். நான் அம்மா முதுகைப் பற்றிச் சொன்னேன். எனக்கும் யாரும் காட்டவில்லை, கடைசி நாளில்தான் பார்த்தேன் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புண்ணு எவ்வளவு பெருசு?" என்று கேட்டான். ரஞ்சனா அதற்குள் தத்காலில் டிக்கெட் போட்டுவிட்டாள். கெட்டிக்காரி.

இன்று காலை சங்கத்தைக் கூட்டி என் தப்பைச் சொன்னேன். பிறகு தாதரில் அவனை ரயிலேற்றிவிட்டேன். அவன் கையில் பன்னிரண்டு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். காக்கி நிறம், எழுத்து இல்லை. பட்டறைக்காரர்கள் வீடுகளில் கேட்டு வாங்கிய பழைய வேட்டி ஒரு மூட்டை.

நீங்கள் செய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுத்தான் விருது கொடுத்தேன். ஆனால் என்ன செய்கிறீர்கள் என்பது நேற்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

ஐப்பசியில் அம்மாவின் முதல் வருஷ நினைவு நாள். ஊருக்கு வர வேண்டும். உன் வாசல் பக்கம் வரலாமா கூடாதா என்று மட்டும் ஒரு வரி எழுது.

கணேசன்


பூவரசங்குளம்
9.9.2025

அத்தானுக்கு,

முதலில் கால். சுண்டு விரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. கால் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியிலிருந்து நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ராஜபாண்டி 2ஆம் தேதி வந்து இறங்கினான். நேரே பச்சைக் கதவுக்கு வந்து, "எப்பா, நான்தான் வந்திருக்கேன், தொறங்க" என்றான். திறக்கவில்லை. மகன் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்கு. அழைத்துப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். நாங்கள் தள்ளி நின்றோம், அப்பன் மகன் பேச்சில் நாங்கள் யார்? முப்பிடாதியம்மாள்தான் எதிர் வாசலிலிருந்து பீடி சுற்றிக்கொண்டே, "ஏல, தண்ணி கேளுல" என்றாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எப்பா, ஒண்ணரை நாளா ரயில்ல வாரேன். தாகமா இருக்கு. தண்ணி தாங்கப்பா" என்றான்.

உள்ளே செம்பு உருளும் சத்தம் கேட்டது. அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வருவது கேட்டது. இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, கீதா இரண்டே நிமிடம் என்கிறாள். கதவு திறந்தது. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியிருந்தது. மீதியை அவன் வாங்கிக் குடித்தான். அப்புறம்தான் குனிந்து காலைப் பார்த்தான்.

இசக்கிதுரை ஆட்டோவை நேராக வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். அன்று ஒரு நாள் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் வெளியே ஆட்டோவிலேயே படுத்திருந்தான். அவன் கணக்கை அவன் தீர்த்துக்கொண்டான், இனி யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாது.

கீதா ராஜபாண்டிக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவை வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தான். இன்று அவனே கழுவினான். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே, "மெதுவால" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இருவருக்கும் அது போதும் போலிருக்கிறது. அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காலைக் காட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். போனைப் பிடிக்கிறவள் முப்பிடாதியம்மாள்.

ஷீல்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். மாமாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்காலாலதான கெடச்சுது, எங்கிட்ட குடுங்க" என்று வாங்கி, கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம் பன்னிரண்டு பேர் பெயரையும் அவரே வாசித்துக் காட்டுகிறார். நாங்கள் மறைத்த காலை இப்போது அவராகவே காட்டுகிறார். அவர் கால், அவர் இஷ்டம்.

பைகள் வந்தன. தையல் நன்றாக இருக்கிறது. வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தாயிற்று. உங்கள் கடிதத்தை நான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வெள்ளைச் சட்டை, பேட்ஜ், மோதகம் என்ற இடத்தில் கீதா சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. கடைசிப் பகுதியை முப்பிடாதியம்மாள் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

தடுத்து வைத்திருந்த எண்ணை விடுவித்துவிட்டேன். அதற்காக ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம்.

ஐப்பசியில் வாருங்கள். வாசலில் நின்று தண்ணீர் கேளுங்கள்.

ராணி